‘சோஷியல் அண்ட் எமோஷனல் லேர்னிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

தன் மனதில் எழுவதை அறிவது, அதை ஆள்வது, பிறர் நிலையைப் புரிந்துகொள்வது, உறவு பேணுவது, பொறுப்போடு முடிவெடுப்பது. இந்த ஐந்தையும் பள்ளியிலேயே பழக்குவதற்குத்தான் ‘சோஷியல் அண்ட் எமோஷனல் லேர்னிங்’, சுருக்கமாக ‘எஸ்.இ.எல்.’, என்று பெயர்.

அமெரிக்காவில் 1994-இல் புழக்கத்துக்கு வந்த தொடர் இது. அதே ஆண்டு தொடங்கிய ‘கேசல்’ (CASEL) அமைப்பு இதைப் பரப்பியது. அந்தப் பெயரில் உள்ள ‘ஏ’ முதலில் வேறொரு சொல்லைக் குறித்தது. பின்னர் அதை ‘அகாடமிக்’ என்று மாற்றிக்கொண்டார்கள். மதிப்பெண் பேச்சு வராமல் பள்ளிக்குள் எது நுழையும்? 2011-இல் உளவியலாளர் ஜோசப் டர்லாக்கின் குழு, பள்ளிகளில் நடந்த இத்தகைய 213 திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தது. படிப்பையும் அளந்திருந்த ஆய்வுகளில், 100 பேர் வரிசையில் நடுவே நிற்கும் பிள்ளை சுமார் 11 இடம் முன்னேறும் அளவுக்குப் பலன் தெரிந்தது.

ஏன் என்பது வகுப்பறையில் நின்றால் புரியும். ஏழாம் வகுப்புப் பெண் பின்னக் கணக்கில் தப்பாகப் பதில் சொல்கிறாள், பின்பெஞ்சில் சிரிப்பு. அப்புறம் அவள் கை தூக்குவதில்லை. சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிடுகிறது. அடுத்த பாடமும் அதன்மேல்தான் ஏறுகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘எமோஷன்’ லத்தீனில் ‘வெளியே அசைத்தல்’ என்ற வேரிலிருந்து வந்தது. பி.எட். புத்தகங்களின் ‘மனவெழுச்சி’ அந்த வேருக்கு நெருக்கம்தான், ஆனால் ஏதோ கிளர்ச்சி போல ஒலிக்கிறது. ‘உணர்ச்சி’ என்றாலோ ‘உணர்ச்சிவசப்படாதே’ நினைவுக்கு வரும். ‘உணர்வு’ அமைதியான சொல். ஆனால் ‘சமூக உணர்வுக் கற்றல்’ என்று எழுதிப் பாருங்கள், சாலையில் குப்பை போடாதே என்று சொல்லித்தரும் வகுப்பாகிவிடும்! பிள்ளைகளுக்கோ ‘சோஷியல்’ என்றால் வரலாறும் புவியியலும்.

இங்கே ‘சோஷியல்’ என்பது சமுதாயம் அல்ல, பக்கத்துப் பெஞ்சோடு பழகுவது. அதனால் என் தேர்வு ‘உணர்வு-உறவுக் கற்றல்’. ஆய்வுக் கட்டுரைக்கு ‘சமூக-மனவெழுச்சிக் கற்றல்’ இருக்கட்டும்; ஆசிரியர் கூட்டத்தில் வாயில் நுழைய வேண்டுமே.

இதோடு கூடவே வரும் சொற்களில், ‘அகாடமிக் அச்சீவ்மென்ட்’டுக்குக் ‘கல்வி அடைவு’ நன்றாகவே நிலைத்துவிட்டது. ‘மிடில் ஸ்கூல்’தான் இடறும். அமெரிக்காவில் அது பெரும்பாலும் 6 முதல் 8 வரை. தமிழ்நாட்டின் நடுநிலைப் பள்ளி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. மொழிபெயர்ப்பவர் ‘6–8 வகுப்புகள்’ என்று எழுதிவிடுவதே நல்லது.