மூன்றாம் நாள் இரவு

நள்ளிரவில் எலும்பு முறிவு வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கரமடி வலை இழுத்துக்கொண்டிருந்தார். கையில் வலை இல்லை, டிரிப்ஸ் குழாய்தான் இருந்தது. "பிடிங்கலே, மீன் போவுது" என்று பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார். உடம்பெல்லாம் வியர்வை, நாடித்துடிப்பு 130. குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், வயது 66. வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து சேர்த்திருந்தார்கள். அன்று மூன்றாம் நாள் இரவு.

"டாக்டரே, அப்பாக்கு ஏதும் பேய் பிடிச்சிருக்கா?" என்று மகள் அழுதுகொண்டே கேட்டாள். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டேன். விழுந்த அன்று காலையில். அதற்கு முன் நாற்பது வருஷம், குடிக்காத நாள் அபூர்வம். சேர்க்கும்போது சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். தினமும் குடிப்பாரா என்று மட்டும் கேட்கவில்லை. வயதானவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். மருத்துவர்களாகிய நாங்கள் அடிக்கடி செய்யும் தவறு இது.

குடியைப் பற்றி, "பெட்டெண்ணு (திடீரென்று) நிறுத்தினா ஒடம்பு தாங்காது" என்று நம்மூரில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதிலிருந்து "அதனால குடிச்சுக்கிட்டே இருக்கட்டும்" என்று முடிவுக்கு வருகிறார்களே, அது தவறு. மருத்துவ உதவியோடு நிறுத்தினால் அறுபதிலும் எழுபதிலும் உடம்பு தாங்கும்.

மது மூளையை அமர்த்தி வைக்கும். அதை ஈடுகட்ட மூளை தன் பங்குக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். பொங்கல் விளையாட்டில் வடம் இழுப்பதுபோல, வருஷக்கணக்காக இரண்டு பக்கமும் சரிபலத்தில் நிற்கும். ஒரு பக்கம் சட்டென்று வடத்தை விட்டுவிட்டால் மறுபக்கம் மல்லாந்து விழும். கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, குமட்டல் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் பாம்பும் ஆட்களும் தெரிவார்கள். பலர் தங்கள் தொழிலையே செய்துகொண்டிருப்பார்கள். மீனவர் வலை இழுப்பார், ரப்பர் பால் வெட்டுபவர் சுவரைக் கீறுவார். டெலிரியம் டிரமன்ஸ் என்ற இந்த நிலைக்குச் சிகிச்சை தராவிட்டால் உயிருக்கே ஆபத்து. மந்திரிக்க அழைத்துப் போகும் நேரம் அல்ல அது.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் தவக்காலத்தில் குடியை விட்டவர்களும் இப்படி வந்து சேர்வதுண்டு. அந்த உறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: தினமும் குடிக்கிறவர் மாலை போடுவதற்கு முன்னால் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரென்றால் வீட்டில் வைத்து முயலவே கூடாது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும் விஷயம் இது. நடுக்கத்துக்கான மருந்தைப் படிப்படியாகக் குறைப்போம். பி1 சத்தான தயாமின் ஊசியைக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே போடுவோம். பல வருஷம் குடித்தவர் உடம்பில் அந்தச் சத்து வற்றியிருக்கும். அது போதாமல் போனால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், நினைவு நிரந்தரமாகவே போய்விடலாம்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். இன்று எழுபதை நெருங்கும் பலர், விளவங்கோடு பக்கத்தில் குறிப்பாக, இளமையில் கள்ளில் தொடங்கியவர்கள். 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம். "ஒரு குவார்ட்டர்தான் டாக்டரே" என்பார்கள். 180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். 5 சதவீதக் கள்ளில் அது ஏறத்தாழ ஒன்றரை லிட்டருக்குச் சமம். வயதாக ஆக உடம்பில் நீர்ச்சத்து குறைவதால், நாற்பதில் குடித்த அதே குவார்ட்டர் அறுபத்தைந்தில் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். அதோடு தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை விபரீதமாக இறங்கும்.

வாரம் ஒருவராவது கேட்கிறார்கள்: "அவருக்குத் தெரியாம கொழம்புல கலந்து குடுக்க பொடி உண்டுமா?" தயவுசெய்து வேண்டாம். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ள முதியவர் இறந்துபோகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, பரிசோதனைக்குப் பிறகு மட்டுமே தரவேண்டிய மருந்து அது. கேட்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. முப்பது வருஷம் அடியும் கடனும் பட்டவர்கள் வேறு வழி தெரியாமல் கேட்கிறார்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் வாருங்கள், அல்லது டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-க்கோ போதை மீட்பு உதவி எண் 14446-க்கோ கூப்பிடுங்கள். பேச்சை அங்கிருந்தும் தொடங்கலாம்.

கரமடி இழுத்தவர் நான்காம் நாள் தெளிந்தார். பிறகு அறுவை சிகிச்சையும் நடந்தது. வீட்டுக்குப் போனபின் அவரை வதைத்தது சாயங்காலம்தான். கடலுக்கும் போக முடியாது, கூட்டாளிகளிடமும் போக முடியாது. ஆறு மணிக்குப் பேரனை டியூஷனுக்குக் கொண்டுவிடும் வேலையை மகள் அவரிடம் கொடுத்தாள். நான் எழுதிய மாத்திரைகளுக்கு இணையாக அதுவும் உதவியது என்று நினைக்கிறேன்.

ஏழாம் மாதம், முறை நாள் இல்லாமலே ஊன்றுகோலோடு தனியாக வந்து நின்றார்.

"நேத்து கல்யாண வீட்டுல ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டேன், டாக்டரே. மகளுக்குத் தெரியாது. மறுபடி தொடங்குறதுக்கு முந்தி சொல்லிரலாம்னு வந்தேன்."

உட்காரச் சொல்லி, கையை நீட்டச் சொன்னேன். நடுக்கம் இல்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் பேசினோம்.