சீவர்ட் எந்த மாநிலத்துச் செயலாளர்?

ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 1867இல் 72 லட்சம் டாலருக்கு வாங்கியவர் யார்? ‘அமெரிக்க மாநிலச் செயலாளர் வில்லியம் சீவர்ட்’ என்று பொது அறிவு நூல்கள் விடை தருகின்றன. ஒரு மாநிலத்துச் செயலாளர் எப்படி ரஷ்யப் பேரரசோடு ஒப்பந்தம் போட்டார் என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, மெய்ப்புப் பார்த்தவருக்கும் தோன்றவில்லை.

மூலச்சொல் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’. செக்ரட்டரி என்ற இலத்தீன் வழிச் சொல்லுக்கு மறைபொருள் காப்பவர் என்று பழம்பொருள். (நம் மந்திரிக்கும் மறை ஆலோசனைதான் வேர்.) ஸ்டேட் இங்கே நாட்டின் அரசு. அமெரிக்காவில் இவருடைய துறை 1789 ஜூலையில் வெளிவிவகாரத் துறையாகப் பிறந்தது, அரசு முத்திரையைக் காப்பது முதலிய உள்நாட்டு வேலைகளும் சேர, செப்டம்பரிலேயே ‘டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்’ என்று பெயர் மாறியது.

வேடிக்கை என்னவென்றால், சீவர்ட்டிடமே அசல் மாநிலச் செயலாளர் ஒருவர் இருந்தார். 1839 முதல் 1842 வரை சீவர்ட் நியூயார்க் ஆளுநர். அந்த ஆட்சியில் மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஜான் ஸ்பென்சர். அவரை அப்படி அழைக்கலாம், தவறில்லை. சீவர்ட்டோ 12 ஆண்டு செனட்டர். 1860இல் குடியரசுக் கட்சி வேட்பாளராகும் வாய்ப்பை லிங்கனிடம் பறிகொடுத்து, அவர் அமைச்சரவையிலேயே சேர்ந்து 1869 வரை வெளியுறவைக் கவனித்தவர். உள்நாட்டுப் போரில் பிரிட்டனும் பிரான்சும் தென்மாநிலங்களைத் தனிநாடாக ஏற்றுவிடாமல் தடுத்தது அவர் சாதனை. லிங்கன் சுடப்பட்ட இரவில் இவரும் கத்திக்குத்துப் பட்டுப் பிழைத்தார்.

இலங்கை ஏடுகளின் ‘இராஜாங்கச் செயலாளர்’ ஸ்டேட்டின் பொருளைச் சரியாகப் பிடித்த சொல். ஆனால் அங்கேயே இராஜாங்க அமைச்சர் என்றால் அமைச்சரவையில் இடமில்லாதவர்! ‘வெளியுறவுச் செயலர்’ என்றால் தில்லியில் அவர் அமைச்சருக்குக் கீழுள்ள அதிகாரி. ஆகவே வெளியுறவு அமைச்சர் என்பதே தெளிவு.

அமெரிக்காவில் அமைச்சர் என்ற பதவிப்பெயரே இல்லையே என்பார்கள். பதவிப்பெயரையா பெயர்க்கிறோம், பதவியையா? எழுத்தெண்ணிப் பெயர்ப்பவர்கள் லண்டனில் சீவர்ட்டின் தூதராயிருந்த சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸையும் அமைச்சராக்க வேண்டியதுதான். அன்று தூதருக்குப் பெயர் ‘மினிஸ்டர்’. பிறகு அமைச்சருக்குச் செயலாளர் கட்டளையிட்டார் என்று எழுதுவார்கள். அதையும் படித்துத் தலையாட்ட வேண்டும்.