புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "நடத்தும்போது பிள்ளைகள் டக்கென்று பதில் சொல்கிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் முழிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தும் நிற்கவில்லை. என்ன செய்ய?"

வாசிக்க வைப்பதைக் குறைத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிவைத்துக் கேள்வி கேளுங்கள் டீச்சர்.

படித்தது எத்தனை வேகமாக மறக்கும் என்று ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவிட்டார். அதை விடுங்கள். 2006-ல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட சோதனைதான் இங்கே முக்கியம். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து? வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. அப்படியே தலைகீழ்!

இது ஏன் நடக்கிறது? இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகியவையாக இருக்கும். அந்தப் பழக்கத்தையே 'நமக்குத் தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் விடை கண்ணெதிரே இருப்பதால் மூளை எதையும் தேடவில்லை. புத்தகத்தை மூடியதும்தான் தேடல் தொடங்குகிறது. தாமிரபரணி ஏன் வற்றாத ஆறு என்று கேட்டதும் பிள்ளைக்குப் பொதிகை மலை ஞாபகம் வரும், தென்மேற்குப் பருவமழை வரும், அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் வரும். இப்படித் தேடிப் போன ஒவ்வொரு வழியும் விடையோடு சேர்ந்து பதிகிறது. அடுத்த முறை எந்த வழியாகவும் அதை எட்டலாம். வெளியே எடுக்கிற செயலே நினைவை உறுதியாக்குகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். கொஞ்சம் மறந்தபின் எடுத்தால் இன்னும் நல்லது. அதனால் அதே கேள்வியை மூன்று நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும் கேளுங்கள்.

பரீட்சை நேரத்தில் ஞாபகசக்தி லேகியத்துக்கும் தாயத்துக்கும் காசு கொடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் மனசு வேகிறது. இந்த முறைக்கு ஒரு துண்டுத்தாள் போதும். பாளையங்கோட்டையில் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இதை நம் தமிழ்வழி வகுப்புகளில் சோதித்துப் பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஸ்மார்ட் போர்டு வாங்குவதைவிட அது அவசரம் என்பேன்.

ஒன்று மட்டும் கவனம். கை தூக்கும் நாலு பேரிடம் மட்டும் கேட்டால் மற்றவர்கள் தேடவே மாட்டார்கள். எல்லோரும் எழுதட்டும். மதிப்பெண் போட வேண்டாம். தப்பாக எழுதியது அப்படியே மனதில் தங்கிவிடாமல், சரியான விடையை அந்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.