நின்றுபோன டிஸ்க்கிலிருந்து சம்பளக் கணக்கு மீள்வது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆர்டர் விவரங்கள், கட்டிங் மாஸ்டரின் பேட்டர்ன் கோப்புகள், சனிக்கிழமை தர வேண்டிய வாரச் சம்பளக் கணக்கு ஆகிய அனைத்தும் சர்வரின் நான்கு ஹார்டு டிஸ்க்குகளில் இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் வாசிப்பு முனை மிதக்கும் இக்கருவி என்றாவது பழுதாகியே தீரும். அதை ஏற்றுக்கொண்டுதான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல், பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தொலையாமல் காக்கும் ‘ரெய்டு’ (RAID) முறையை விளக்கினர்.

அதில் ஐந்தாம் வகையின் கணக்கு மிக எளிமையானது, அழகானதும்கூட. மூன்று டிஸ்க்குகளில் உள்ள பிட்டுகள் (0 அல்லது 1 என்ற மிகச்சிறு தரவு அலகுகள்) 1, 0, 0 எனில், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி நான்காவதில் 1 எழுதப்படும். (இந்தச் சரிபார்ப்புப் பிட் ஒரே டிஸ்க்கில் தங்காமல் நான்கிலும் மாறி மாறி இடம்பெறும்.) முதல் டிஸ்க் நின்றுபோனால் எஞ்சுபவை 0, 0, 1; ஒன்றுகள் ஒற்றைப்படையாகிவிட்டதால், தொலைந்தது 1 என்று தெரிந்துவிடுகிறது. புதிய டிஸ்க்கைப் பொருத்தியதும் இக்கணக்கு தொடக்கம் முதல் இறுதிவரை நடக்கும். நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 8 டெராபைட்டை நிரப்பப் பதினொரு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் இன்னொரு டிஸ்க்கும் நின்றால் மீட்க வழியில்லை.

மேலும், ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு திருப்பித் தராது. அழிப்பதும் அதற்கு டிஸ்க்கில் எழுதும் இன்னொரு செயல்தான். ஆகவே பேக்கப் தனியாக வேண்டும், அதன் ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில், முடிந்தால் கோயம்புத்தூரில், இருக்க வேண்டும்.

ஞாயிறு முழுப் பிரதியும், மற்ற இரவுகளில் அன்றன்றைய மாற்றங்களும் எடுக்கப்படுகின்றன எனில், வியாழக்கிழமை நேரும் பழுதுக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்ற வரிசையிலேயே மீட்க வேண்டும். செவ்வாய்ப் பிரதி கெட்டிருந்தால் புதன் பிரதியை நம்ப முடியாது. வியாழன் பகலில் பதிந்தவை, டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் பதிவேடு வேறிடத்தில் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே திரும்பக் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுப்பதும் ஆபத்தானது. நகலின் ஒரு பகுதி பழையதாகவும் மறுபகுதி புதியதாகவும் அமைந்துவிடலாம்.

இக்குறைகள் பேக்கப் எடுக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே என் பெருங்கவலை. மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் முழுவதையும் மீட்டு, சென்ற வாரச் சம்பளத்தில் நான்கைந்து பேரின் தொகையைக் கையெழுத்திட்ட காகிதப் பட்டியலோடு ஒப்பிட்டால், அவை அன்றே தெரிந்துவிடும்.