கோடு போட்ட சட்டை ஏன் கண்ணை இழுக்கிறது?

கறுப்பும் வெள்ளையுமாக நெருக்கமாகக் கோடு போட்ட சட்டைக்காரர் எதிரே உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை என்கிறார் ஒரு வாசகி. கண் சட்டைக்கே போகிறதாம். கொஞ்ச நேரத்தில் கோடுகள் நெளிவது போலவும் இருக்கிறதாம். இது என் கண்ணில் உள்ள கோளாறா என்று கேட்டுவிட்டு, கொசுறாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: குறுக்குக்கோடு போட்ட உடை ஆளைக் குண்டாகக் காட்டுமா?

கொசுறை முதலில் முடித்துவிடுவோம். காட்டாது. ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை 1867-லேயே எழுதிவைத்துவிட்டார். ஒரே அளவில் இரண்டு சதுரங்கள் வரைந்து, ஒன்றைக் கிடைக்கோடுகளாலும் மற்றொன்றை நெடுக்குக்கோடுகளாலும் நிரப்புங்கள். கிடைக்கோட்டுச் சதுரம்தான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். ஓர் இடைவெளியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினால் அது நீண்டுவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது. கிடைக்கோடுகள் உயரத்தைத்தானே துண்டு போடுகின்றன? பெண்களின் உடைகளிலும் இது நடக்கிறது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். 2011-ல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ப்சனும் கிரியாக்கி மிகெல்லிடூவும் உருவப்படங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தபோதும் குறுக்குக்கோடு யாரையும் அகலமாக்கவில்லை. ஆனாலும் 'குண்டாக இருப்பவர்கள் குறுக்குக்கோடு போடாதீர்கள்' என்ற அறிவுரை இன்றும் கொடிகட்டிப் பறக்கிறது. அதிர்ஷ்ட நிறம் பார்த்து உடுத்துகிறவர்களைக் கேலி செய்கிற படித்தவர்கள்கூட இதை மட்டும் அறிவியல் என்று நம்புகிறார்கள். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சரி, முக்கியமான கேள்விக்கு வருவோம்.

ஒளி கண்வில்லை வழியாகப் போய் விழித்திரையில் விழுகிறது, அங்குள்ள செல்கள் அதை மின்சைகையாக மாற்றுகின்றன. இதுவரை பள்ளிப் பாடம். பாடத்தில் அழுத்திச் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஏறத்தாழ 10 கோடி. அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம்தான். வந்ததை எல்லாம் அப்படியே அனுப்ப வழியில்லை. அதனால் விழித்திரை அங்கேயே உட்கார்ந்து வடிகட்டுகிறது. ஒரே மாதிரி வெளிச்சம் பரவிக் கிடக்கும் இடத்தைப் பற்றி அது அதிகம் பேசாது. வெளிச்சம் சட்டென்று மாறும் இடம், அதாவது விளிம்பு, அதைத்தான் உரக்கச் சொல்லும்.

ஒரு செல் தூண்டப்பட்டால் அது பக்கத்துச் செல்களின் குரலைக் குறைக்கிறது. இதற்குப் பக்கவாட்டு அடக்கம் என்று பெயர். குதிரைலாட நண்டின் கண்ணில் ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் இதை அளந்து காட்டினார். 1967-ல் நோபல் பரிசு பெற்றார். வெவ்வேறு அடர்த்தியுள்ள சாம்பல் பட்டைகளை ஒட்டி ஒட்டி வைத்தால், ஒவ்வொரு எல்லையின் ஓரத்திலும் ஒரு பக்கம் கூடுதல் வெளுப்பாகவும் மறுபக்கம் கூடுதல் கறுப்பாகவும் தெரியும். காகிதத்தில் அப்படி எதுவும் கிடையாது. எல்லாம் இந்த அடக்கத்தின் வேலை. எர்ன்ஸ்ட் மாக் 1860-களிலேயே இதைக் கவனித்துவிட்டார்.

அடுத்த கட்டம் மூளையின் பின்பக்கத்தில், பார்வைப் புறணியில் நடக்கிறது. 1958-ல் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் பார்வைப் புறணியில் ஒற்றை நரம்புசெல்லில் மின்முனை வைத்து அதன் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புள்ளி ஒட்டிய கண்ணாடிச் சில்லைக் காட்டியும் செல் சரியாக மசியவில்லை. சில்லை மாற்றும்போது மட்டும் படபடவென்று பொரிந்தது. காரணம் புள்ளி அல்ல. படம் காட்டும் கருவிக்குள் நுழையும் கண்ணாடியின் விளிம்பு, திரையில் ஒரு மெல்லிய நிழல்கோடாக நகர்ந்ததுதான். அந்தச் செல்லுக்குப் பிடித்தது ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோடு. சாய்வை மாற்றினால் அது அமைதியாகிவிடும். அந்தச் சாய்வுக்கு வேறொரு செல் எழும். இப்படி ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிக் கூட்டங்கள் நம் மூளையிலும் இருக்கின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். பூனைக்குக் கோடு காட்டுவதால் யாருக்கு என்ன பயன் என்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் அவர்களால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அதே வழியில் தொடர்ந்து போனதால்தான், பிறந்த சில காலத்துக்குள் கண்ணுக்குப் பார்வைப் பயிற்சி கிடைக்காவிட்டால் மூளையின் இணைப்புகளே சரியாக அமைவதில்லை என்று தெரிந்தது. பிறவிக் கண்புரையோடு வரும் குழந்தைக்கு ஏன் சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும் என்பது அதன் பிறகே விளங்கியது. இருவருக்கும் 1981-ல் நோபல் கிடைத்தது. இன்றும் விண்ணப்பப் படிவங்களில் 'எதிர்பார்க்கப்படும் பயன்' என்றொரு கட்டம் இருக்கிறது. அடிப்படை ஆய்வுக்கு அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தச் செல்கள் திசையை மட்டும் பார்ப்பதில்லை, கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்பதையும் பார்க்கின்றன. 1968-ல் ஃபெர்கஸ் கேம்ப்பெல்லும் ஜான் ராப்சனும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மிக அகன்ற பட்டைகளும் மிக நுண்ணிய கோடுகளும் நம் கண்ணுக்கு மங்கல். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் கண் உச்சகட்டக் கூர்மையோடு இருக்கிறது. பார்வைக் கோணத்தில் 1 டிகிரிக்குள் ஏறத்தாழ 3 இணைக் கோடுகள் (ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை சேர்ந்தது ஓர் இணை) அடங்குகிற நெருக்கம் அது.

டிகிரி என்றதும் பயப்பட வேண்டாம். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலைப் பிடியுங்கள். அதன் அகலம் சுமார் 1 டிகிரி. எதிரே உள்ள சட்டையில் உங்கள் சுண்டுவிரல் மூன்று இணைக் கோடுகளை மறைக்கிறதா? அப்படியானால் அந்தச் சட்டை உங்கள் பார்வைப் புறணியின் மிக உணர்ச்சியுள்ள இடத்தில் கை வைத்திருக்கிறது. கிட்டே போனாலோ தள்ளிப் போனாலோ அந்த எண்ணிக்கை மாறிவிடும், உறுத்தலும் குறையும். 2 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் சட்டையில் இது சுமார் 6 மில்லிமீட்டர் கறுப்பு, 6 மில்லிமீட்டர் வெள்ளை என்று வரும். வாசகி சொன்ன சட்டை இந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இயற்கையில் ஒரு மரத்தைப் பார்க்கிறோம், ஒரு முகத்தைப் பார்க்கிறோம். அவற்றில் எல்லாத் திசையிலும் விளிம்புகள் உண்டு, பெரிதும் சிறிதுமாக. அதனால் எந்தச் செல்கூட்டமும் மொத்தமாக எழுவதில்லை. அங்கொன்று இங்கொன்றாக வேலை நடக்கும். கோட்டுச் சட்டை வந்தால் கதை வேறு. ஒரே திசை, ஒரே நெருக்கம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே முழு மாறுபாடு. வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் கை தூக்கிக் கத்துகிற மாதிரி ஒரு கூட்டம் முழுவதும் சேர்ந்து பொரிகிறது. இவ்வளவு சத்தம் வரும் திசைக்குக் கண் தானாகத் திரும்பத்தான் செய்யும்.

இதோடு கண்ணின் இன்னொரு குணமும் சேர்ந்துகொள்கிறது. உற்றுப் பார்ப்பதாக நாம் நினைக்கும்போதும் கண் சும்மா இருப்பதில்லை, நுணுக்கமாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. நடுங்காவிட்டால் பார்வையே மங்கிவிடும். விழித்திரையில் பிம்பம் துளியும் நகராதபடி கருவி வைத்து நிறுத்தினால் சில நொடிகளில் அது மறைந்துபோகிறது என்று 1950-களிலேயே காட்டிவிட்டார்கள். சாதாரணக் காட்சியில் இந்த நடுக்கத்தை மூளை நமக்குக் காட்டாமல் மறைத்துவிடும். கோடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் சிறு அசைவுக்கும் நூறு விளிம்புகள் ஒருசேர இடம் மாறுகின்றன; ஒரு செல்லின் மேல் கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை வந்து நிற்கிறது. போதாக்குறைக்குக் கண்வில்லை தன் குவியத்தையும் லேசாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் சேர்ந்து நெளிவாகவும் மினுமினுப்பாகவும் தெரிகிறது. நெளிவது சட்டை அல்ல, பார்க்கிறவர் கண்தான்.

ஆர்னால்ட் வில்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்த உறுத்தலையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். 1984-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் எந்தக் கோடு அதிகம் தொந்தரவு செய்கிறது என்று பட்டியல் போடாத குறையாகச் சொல்லிவிட்டார்கள்: 1 டிகிரிக்கு 3 இணைகள், கடும் மாறுபாடு, அப்புறம் கறுப்பும் வெள்ளையும் சம அகலம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் உறுத்தும். ஒளியால் வலிப்பு வரும் நோயாளிகளில் சிலருக்கு, எதுவும் மின்னாமல், வெறும் கோடுகளைப் பார்த்தாலே போதும். கட்டம் போட்ட வடிவம் கோடுகளைவிடக் குறைவாகவே தொந்தரவு செய்கிறது என்பதும் இந்த ஆய்வுகளில் தெரிந்ததுதான். கட்டத்தில் விளிம்புகள் ஒரே திசையில் குவிவதில்லை. சத்தம் பல கூட்டங்களுக்குப் பிரிந்துவிடுகிறது.

இதைப் படித்த பிறகு, காலத்தை வென்று நிற்கும் உடை வடிவங்களை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. பிரெஞ்சுக் கடற்படை 1858-ல் மாலுமிகளின் மேல்சட்டைக்கு அளவு வகுத்தது: வெள்ளைப் பட்டை 20 மில்லிமீட்டர், நீலப் பட்டை 10 மில்லிமீட்டர். இன்று பிரெட்டன் சட்டை என்று உலகமெங்கும் விற்பது இதன் வழித்தோன்றல். ஓர் இணை 3 சென்டிமீட்டர். சுண்டுவிரல் கணக்குப்படி இது கண்ணின் உச்சப் புள்ளியைத் தொடுவது சுமார் 5 மீட்டர் தள்ளி நிற்கும்போது. அங்கிருந்து பார்த்தால் சட்டை பளிச்சென்று கண்ணில் படும். பேசுகிற தூரத்துக்கு வந்ததும் பட்டைகள் அகன்று அடங்கிவிடும். அதோடு அகலம் ஒன்றுக்கு இரண்டு என்பதால் சம அகலக் கோட்டின் முரட்டுத்தனமும் இல்லை. கடற்படை அதிகாரிகள் நரம்பியல் படித்து இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் உறுத்துகிற கோடுகள் கழிந்துபோய் உறுத்தாதவை தங்கிவிட்டன என்பது என் ஊகம்.

கோட்-சூட்டின் பின்ஸ்ட்ரைப் இன்னொரு வழியில் தப்பிக்கிறது. இருண்ட அகலமான இடைவெளி, நடுவே நூலிழை போல வெளிர் கோடு. தள்ளிப் போனால் கோடு துணியிலேயே கரைந்துவிடும், கிட்டே வந்தால்தான் தெரியும். கவனம் வேண்டும், ஆனால் கேட்டு வாங்கியது போல இருக்கக் கூடாது என்பவர்களின் உடை அது.

எனக்குப் பிடித்தது ஹவுண்ட்ஸ்டூத். நாய்ப்பல் போல ஒடிந்த கட்டங்கள். பாவிலும் ஊடிலும் நான்கு கறுப்பு நூல், நான்கு வெள்ளை நூல் என்று மாறி மாறிப் போட்டு, இரண்டின் மேல் இரண்டின் கீழ் என்று, சாய்கோடு விழும் ட்வில் நெசவில் நெய்தால் இது தானாக விழும். கறுப்பு கறுப்பைக் குறுக்கிடும் இடம் முழுக் கறுப்பு, வெள்ளை வெள்ளையைக் குறுக்கிடும் இடம் முழு வெள்ளை, மற்ற இடங்களில் நெசவின் சாய்கோடுகளே பற்களாக நீளும். ஸ்வீடனின் சதுப்பு நிலத்தில் கிடைத்த கெரும் போர்வையிலேயே இந்த வடிவம் இருக்கிறது; அது கிறிஸ்துவுக்கு முந்தையது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பேசுகிற தூரத்திலேயே இது கண்ணின் உச்சப் புள்ளியில் வந்து விழும். கறுப்பும் வெள்ளையும் வேறு சரிபாதி. வில்கின்ஸ் பட்டியலின்படி பார்த்தால் தலைவலி நிச்சயம். ஆனால் விளிம்புகள் நேர், குறுக்கு, சாய்வு என்று சிதறிவிடுவதால் எந்தக் கூட்டமும் தனியாகக் கத்துவதில்லை. பார்க்கத் துடிப்பாக இருக்கும், நெளியாது.

இதற்கு நேர் எதிர் ஆப் ஆர்ட் என்ற ஓவிய பாணி, கோடுகளாலும் வடிவங்களாலும் கண்ணை ஏமாற்றுவது. உறுத்தலைத் தணிக்காமல் உச்சத்துக்குத் தள்ளுவதே அதன் நோக்கம். 1965-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. அதில் பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் கறுப்பு வெள்ளை ஓவியங்கள் பேசப்பட்டன. கையோடு அவை துணியில் அச்சாகிக் கவுன்களாகவும் வந்துவிட்டன. அவருக்குக் கோபம் தாங்கவில்லை. கோபம் நியாயம்தான், கண் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: ஓவியத்தைப் போதும் என்று தோன்றியதும் விட்டு நகரலாம், எதிரே உட்கார்ந்திருப்பவர் உடையை விட்டு எங்கே நகர்வது? 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்கு லான்ஸ் வைமன் செய்த லோகோவும் இணைகோடுகளால் ஆனதுதான். எழுத்துகளிலிருந்து கோடுகள் அலை அலையாக விரிந்துகொண்டே போகும். அதே வடிவத்தை வரவேற்புப் பெண்களின் உடையிலும் அச்சிட்டார்கள். ஆனால் போஸ்டருக்கு அந்த வேகம் வேண்டும். தெருவில் நடந்து போகிறவர் ஒரு நொடி திரும்பினால் அதன் வேலை முடிந்தது.

வடிவமைப்பாளர் பால் ரேண்ட் ஐபிஎம் லோகோவை 1972-ல் கிடைக்கோடுகளாக வெட்டியது நிதானமான வேலை. மூன்று எழுத்தும் மூன்று அகலம். சேர்த்து வைத்தால் ஒட்டாமல் நின்றவற்றை எட்டுக் கோடுகள் குறுக்கே ஓடி ஒன்றாகக் கட்டிவிட்டன. எட்டே கோடுகள், அதுவும் சிறு பரப்பில் என்பதால் கண் தாங்கிக்கொள்கிறது. பக்கம் முழுவதும் நிரம்பிய உரையும் ஒருவகைக் கோட்டு வடிவம்தான்: எழுத்து வரிசை கறுப்பு, இடைவெளி வெள்ளை. வரிகளை நெருக்கி அடிக்கிற வடிவமைப்பாளர்கள் சுண்டுவிரலை நீட்டிப் பார்ப்பது நல்லது.

வீடியோவில் பேசும்போது மட்டும் கணக்கு மாறும். அங்கே முதலில் பார்ப்பது கேமராவின் உணரி. அதுவே நுண்ணிய கட்டங்களால் ஆனது. சட்டைக் கோட்டின் நெருக்கமும் அந்தக் கட்டத்தின் நெருக்கமும் கிட்டத்தட்ட ஒன்றானால் இரண்டும் மோதி, சட்டையில் இல்லாத வண்ண அலைகள் திரையில் ஓடும். மோரே என்பார்கள். கண்ணுக்கு இதமான மெல்லிய கோடும் பொடிக் கட்டமும் இதில் வசமாக மாட்டிக்கொள்ளும். 20-க்கு 10 மில்லிமீட்டர் மாலுமிச் சட்டை பெரும்பாலும் தப்பிவிடும்.