விபத்தைப் பார்த்தவரிடம் ‘அடிச்சுத் தூக்கிருச்சா’ என்று கேட்காதீர்கள்

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் வக்கீலான என் பிழைப்பு. தொழிலுக்கு வந்த புதிதில் நான் சொதப்பிய ஒரு வழக்கைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கட்சிக்காரரின் கணவர் டூவீலரில் போகும்போது வேன் மோதி இறந்துபோனார். எதிரே டீக்கடை வைத்திருந்தவர்தான் சாட்சி. அவரை ஆபீஸுக்கு வரவழைத்து, உட்கார்ந்தாரோ இல்லையோ, "அண்ணே, வேன் வேகமா வந்து அடிச்சுத் தூக்கினதைப் பார்த்தீங்கல்ல?" என்று கேட்டேன். "ஆமா சார்" என்றார். எனக்கும் அது போதுமாக இருந்தது. ஆனால் கூண்டில் ஏறியவர், நான் கேட்காததையும் சேர்த்து, ரோடு முழுக்கக் கண்ணாடிச் சில்லு சிதறிக் கிடந்தது என்று சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் நிதானமாக, விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரை எடுத்தார், அப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை எடுத்தார். வேனில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. சாட்சி பொய் சொல்கிறார் என்று அவர் வாதிட, நானும் மனதுக்குள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

ரொம்ப நாள் கழித்து, உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-இல் வெளியிட்ட சோதனையைப் படித்தபோதுதான், அந்தச் சில்லு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்தது. மாணவர்களுக்கு கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, என்ன வேகம் இருக்கும் என்று கேட்டார்கள். கேள்வி ஒன்றுதான், வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். நம் பேச்சில் சொன்னால், சிலரிடம் ‘நொறுங்குற மாதிரி மோதினப்போ’, சிலரிடம் ‘இடிச்சப்போ’, சிலரிடம் ‘லேசா பட்டப்போ’. ‘நொறுங்குற மாதிரி’ என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலைத் தாண்டியது. ‘லேசா பட்ட’ கூட்டத்துக்கு அது 32-கூட வரவில்லை. இன்னொரு சங்கதி, நிஜத்தில் 20 மைல் வேகத்தில் நடந்த மோதலையும் சராசரியாக 37-க்கு மேல் மதிப்பிட்டார்கள். ஆகவே ‘வண்டி எண்பதுல வந்துச்சு சார்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், நான் இப்போதெல்லாம் டயர் தடம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

அடுத்த சோதனையில் 150 பேர். ஒரு வாரம் கழித்து அவர்களைத் திரும்ப அழைத்து, படத்தில் உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ‘நொறுங்குற’ கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், ‘இடிச்ச’ கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். என் டீக்கடைக்காரருக்கு அந்த வினைச்சொல்லைக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏசி அறையில் படம் பார்த்த மாணவர்களை வைத்து நடுரோட்டு ரத்தத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். கனடாவில் யூயில், கட்ஷால் என்ற இருவர், நிஜமாக நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த 13 பேரை நான்கைந்து மாதம் கழித்துப் பேட்டி எடுத்து 1986-இல் எழுதினார்கள். இல்லாததை இருந்ததாக வைத்துக் கேட்ட கேள்விகளுக்குப் பெரும்பாலானவர்கள் அசையவில்லை, சொன்னதும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னதை முன்பே, சம்பவத்தின் சூட்டிலேயே போலீஸ் பதிவு செய்திருந்தது. என் அனுபவத்தில் நம் ஊர் வழக்குகளில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

விபத்து நடந்த பத்தாவது நிமிஷத்தில் டீக்கடை வாசலில் பத்துப் பேர் சேர்ந்து கதையை ஒட்டவைத்து முடித்திருப்பார்கள். ஃபியோனா கேபர்ட் குழுவினர் 2003-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரண்டு வீடியோக்களை ஜோடியில் ஆளுக்கொன்றாகக் காட்டிப் பேசவிட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதம் பேர், தங்கள் வீடியோவில் இல்லாத, மற்றவர் சொல்லிக் கேட்ட ஏதோ ஒன்றைத் தாங்களே பார்த்ததுபோலச் சொன்னார்கள். இப்போது நம்மிடம் வாட்ஸ்அப் சிசிடிவி கிளிப் வேறு இருக்கிறது.

நீதிமன்றத்தில், வக்கீல் தன் தரப்புச் சாட்சியைக் கேள்வி கேட்கும் முதல் விசாரணையின்போது, சாட்சிக்குப் பதிலை ஊட்டுகிற கேள்வியை எதிர்த்தரப்பு எழுந்து தடுக்கலாம். ஆஸ்பத்திரி வராண்டாவில் சொந்தக்காரர் கேட்கும்போது தடுக்க யாரும் இல்லை, வக்கீல் ஆபீஸிலும் இல்லை.

அதனால் விபத்தைப் பார்த்த ஒருவர் கிடைத்தால் வினைச்சொல்லை நீங்கள் கொடுக்காதீர்கள். "எங்க நின்னீங்க, என்ன செஞ்சுட்டு இருந்தீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இடையில் அவர் யோசிக்கட்டும், அந்த இடைவெளியை நிரப்பத்தான் நமக்குக் கை துறுதுறுக்கும். பார்த்தவர் நீங்களே என்றால், மற்றவர்களோடு பேசுமுன், கிளிப் பார்க்குமுன், ஒரு தாளில் எழுதித் தேதியும் நேரமும் போடுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்து போடுவதில்லை, ஆகவே உங்கள் வார்த்தையிலேயே இருப்பது இந்தத் தாள் மட்டும்தான். அன்றைய சூட்டோடு தானே எழுதிய குறிப்பைக் கூண்டில் நிற்கும்போது பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள சாட்சியச் சட்டம் இடம் கொடுக்கிறது. எதிர்த்தரப்பும் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். செய்யட்டும். அதில் கண்ணாடிச் சில்லு இருக்காது.