வேகம் போதவில்லையா, வரிசை சரியில்லையா?

‘நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது’ என்று புகார் வந்ததும், மருத்துவமனையானாலும் கல்லூரியானாலும் நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இன்னும் எத்தனை எம்பிபிஎஸ் (Mbps, இணைய வேகத்தின் அளவு) வாங்க வேண்டும்? நெட்வொர்க் அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் கோளாறு வேகத்தில் இல்லை. ரவுட்டருக்குள், தகவலின் சிறு துண்டுகளான பாக்கெட்டுகள் காத்து நிற்கும் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையை எப்படி நடத்துவது என்பதற்குப் பல்கலைக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் கைகோத்து எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். அந்த விடை நம் ஊர் நிறுவனங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முன்பு தொலைபேசிக்கு ஒரு கம்பி, கேமராவுக்கு ஒரு கேபிள், கணினிக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருந்தன. இன்று ஐபி போன், சிசிடிவி, பில்லிங், ஸ்கேன் படங்கள், வீடியோ ஆலோசனை, நோயாளிகளின் உறவினர்கள் பயன்படுத்தும் வைஃபை எல்லாமே ஒரே கம்பி வழியாகத்தான் வெளியே போகின்றன. இவற்றின் குணம் ஒன்றுக்கொன்று நேர்மாறானது. குரலை எண்களாக மாற்றும் வழக்கமான ஜி.711 முறையில் ஓர் ஐபி போன் அழைப்பு நொடிக்கு 50 பாக்கெட்டுகளை அனுப்பும்; பாக்கெட்டுகளின் முகவரித் தலைப்புகளையும் சேர்த்து 80 கேபிபிஎஸ் (நொடிக்கு 80 ஆயிரம் பிட்) இருந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஸ்கேன் படமோ பத்து நிமிடம் கழித்துப் போனாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் போகும்போது, கிடைக்கிற வேகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கோப்புகளை அனுப்பும் டிசிபி நெறிமுறையின் இயல்பே அது.

ஒரு மருத்துவமனையில் மாலை நேரத்து வீடியோ ஆலோசனை மட்டும் தொடர்ந்து அறுந்துகொண்டிருந்தது. இணைப்பைப் பெரிதாக்கியும் பயனில்லை என்று அழைத்தார்கள். ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங்கை மடிக்கணினியில் ஓடவிட்டு, ஸ்கேன் அறையில் இருந்தவரிடம் படங்களை வெளியூர் சர்வருக்கு அனுப்பச் சொன்னேன். அதுவரை 12 மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த பதில் 90 ஆனது, 300 ஆனது, 600-ஐத் தாண்டி 800-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. அனுப்புவதை நிறுத்தியதும் மீண்டும் 12. உடன் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர், “அப்படியானால் இத்தனை நாள் என் நோயாளியின் குரல் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்ததா?” என்று கேட்டார். அதேதான் நடந்திருக்கிறது.

கணக்கு எளிது. அவர்கள் பெரிதாக்கியது பதிவிறக்க வேகத்தை. மேலேற்றும் வேகம் பழையபடி 10 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு ஒரு கோடி பிட். வெளியே போகும் முனையில் உள்ள கருவியின் பஃபர், அதாவது பாக்கெட்டுகள் காத்து நிற்கும் நினைவகம், ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் அது 80 லட்சம் பிட். அது நிறைந்துவிட்டால் கடைசியாக வந்து சேரும் பாக்கெட் 0.8 விநாடி காத்திருந்தே ஆக வேண்டும். நினைவகச் சில்லுகள் மலிவாகிவிட்டன. பாக்கெட்டைத் தொலைப்பது பெரும்பிழை என்று பொறியாளர்களும் நம்பினார்கள். எனவே கருவிக்குக் கருவி பஃபர் பெருத்தது. டிசிபிக்கோ, பாக்கெட் தொலைந்தால்தான் ‘நெரிசல், வேகத்தைக் குறை’ என்ற சேதி கிடைக்கும். பெரிய பஃபர் அந்தச் சேதியையே அமுக்கிவிடுகிறது.

இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜிம் கெட்டிஸ். பெல் லேப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். 2010-இல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை ஏற்றும்போது தாமதம் விநாடிக் கணக்கில் எகிறுவதைக் கவனித்தார். பல பேர் இந்த இடத்தில் சேவை நிறுவனத்தைத் திட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அவர் அளந்தார். தன் வீட்டுக் கோளாறா, ஊர்க் கோளாறா என்று தெரிய வேண்டுமே? அதற்குக் கைகொடுத்தது அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள ஐசிஎஸ்ஐ ஆய்வகத்தின் ‘நெட்டலைசர்’ என்ற இணைப்புச் சோதனைக் கருவி. பொதுமக்கள் தாங்களாக ஓடவிட்ட 1,30,000-க்கும் மேற்பட்ட சோதனைகளின் அளவீடுகள் அங்கே சேர்ந்திருந்தன. வீட்டு இணைப்புகளின் மேலேற்றும் திசையில் பஃபர்கள் பெருத்துக் கிடப்பதை அவை அப்பட்டமாகக் காட்டின. கெட்டிஸ் இதற்கு ‘பஃபர்ப்ளோட்’ (பஃபர் வீக்கம்) என்று பெயர் வைத்தார். தொழில்துறைக்காரர் ஒருவரின் சந்தேகத்துக்குக் கல்வித்துறையின் தரவு சாட்சி சொன்னது.

தீர்வும் அப்படியே வந்தது. வரிசை நிறைவதற்கு முன்பே சில பாக்கெட்டுகளைக் கைவிட்டு எச்சரிக்கும் ‘ரெட்’ முறையை சாலி ஃபிளாயிடும் வான் ஜேக்கப்சனும் 1993-லேயே தந்திருந்தார்கள். ஆனால் அதற்குத் திருக வேண்டிய திருகுகள் அதிகம். தவறாகத் திருகினால் நிலைமை இன்னும் மோசமாகும். களத்தில் இருந்தவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நள்ளிரவில் போன் வந்தால் எழுந்து ஓட வேண்டியவர்கள் அவர்கள். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் ‘கோடெல்’ முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி விநாடி முழுக்க ஒருமுறைகூடக் காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், வரிசை தேங்கிவிட்டது என்று பொருள், கைவிடத் தொடங்கும். நீளத்தின் பொருள் இணைப்புக்கு இணைப்பு மாறும், நேரத்தின் பொருள் மாறாது. அதனால்தான் இதற்குத் திருகு தேவைப்படவில்லை. மே மாதம் கட்டுரை வெளியானது. ஜூலையில் லினக்ஸ் இயங்குதளத்தின் 3.5 பதிப்பில் நிரலாகவே வந்துவிட்டது.

அதோடு வந்த எஃப்க்யூ-கோடெல் இன்னும் ஒரு படி மேலே போனது. ரேஷன் கடையில் இருபது அட்டைகளோடு ஒருவர் முன்னால் நின்றால், ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்த பாட்டி வெயிலில் காய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, வரிசைக்கு ஓர் அட்டையாக அழைத்தால்? ஸ்கேன் படம் ஒரு வரிசை, ஐபி போன் ஒரு வரிசை. குறைவாக அனுப்புபவருக்கு முன்னுரிமை தானாகவே கிடைத்துவிடும். ‘இது குரல்’ என்று பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை முத்திரை குத்தி அனுப்பினாலும் வெளியே போனதும் அதை மதிக்க ஆளில்லாத நிலையில், இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வைஃபை கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மெதுவான போன், அறையில் உள்ள எல்லோருடைய வேகத்தையும் கீழே இழுத்துவிடும். பிரான்ஸின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2003-லேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். மெதுவான கருவி ஒரு பாக்கெட்டை அனுப்ப எடுக்கும் காற்றுநேரம் அதிகம். பாக்கெட் எண்ணிக்கையைச் சமமாகப் பகிர்ந்தால் நேரம் சமமில்லாமல் போகிறது. நோய் தெரிந்தும் மருந்து வரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த டோக்கே ஹொய்லண்ட்-யோர்கன்சன், தன் பேராசிரியர்களோடும், டியட்டோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரோடும், பஃபர்ப்ளோட்டை ஒழிக்க உழைத்து 2025-இல் மறைந்த டேவ் டாட்டோடும் சேர்ந்து, லினக்ஸ் வைஃபை மென்பொருளுக்குள் இருந்த வரிசைகளை மாற்றி அமைத்தார். 2017-இல் அது கட்டுரையானது. அதற்குள் நிரல் லினக்ஸுக்குள்ளேயே போய்விட்டது. கட்டுரையோடு நின்றிருந்தால் இன்னொரு பதினான்கு ஆண்டுகள் போயிருக்கும்.

இத்தகைய கூட்டு வேலை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. இணையத் தாமதத்தைக் குறைப்பதற்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ரைட்’ திட்டத்தில் பிரிட்டனின் பிடி தொலைத்தொடர்பு நிறுவனம், பெல் லேப்ஸ், ஆஸ்லோ, கார்ல்ஸ்டாட், அபர்டீன் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்தன. அங்கே விளைந்த, வரிசைத் தாமதத்தைக் குறைக்கும் எல்4எஸ் முறை 2023-இல் ஆர்எஃப்சி 9330 முதலான இணையத் தொழில்நுட்ப ஆவணங்களாக வெளிவந்தது. பலன் களத்தில் தெரியுமா என்பவர்களுக்கு அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட் கொரோனா காலத்தில் எடுத்த அளவீட்டைச் சொல்வேன். ஒரே மோடத்தின் இரு வகைகளில் ஒன்றில் வரிசை மேலாண்மை இயங்கியது, மற்றொன்றில் இல்லை. பளு இருக்கும்போது மேலேற்றும் தாமதம் முதலாவதில் 15 முதல் 30 மில்லி விநாடி, இரண்டாவதில் சுமார் 250. வேகத்தை யாரும் கூட்டவில்லை.

அந்த மருத்துவமனையில் நான் செய்ததும் இவ்வளவுதான். வெளியே போகும் முனையில் லினக்ஸ் ரவுட்டர் ஒன்றை வைத்து, மேலேற்றும் வேகத்தை 10-க்குப் பதில் 9 எம்பிபிஎஸ் என்று கட்டி, எஃப்க்யூ-கோடெலை இயக்கினேன். ஒரு எம்பிபிஎஸ்ஸை ஏன் விட வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிச் செய்தால்தான் வரிசை சேவை நிறுவனத்தின் பெட்டியில் தேங்காமல், நம் கட்டுப்பாட்டில் உள்ள பெட்டிக்கு வரும். படங்கள் போய்க்கொண்டே இருந்தன, பிங் 20-ஐ ஒட்டியே நின்றது. நீங்களும் இணைப்பைப் பெரிதாக்கக் கையெழுத்திடும் முன் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங் ஓடவிட்டுப் பாருங்கள். ரவுட்டர் விற்க வருபவரிடம் எஃப்க்யூ-கோடெல் அல்லது அதன் அடுத்த வடிவமான ‘கேக்’ இருக்கிறதா என்று கேளுங்கள். ‘கியூஓஎஸ் (சேவைத்தர வசதி) இருக்கிறது’ என்ற பொத்தாம்பொதுவான பதிலை ஏற்காதீர்கள்.

நம்மால் முடியாத வேலையும் அல்ல இது. 2020-இல் வெளியான லினக்ஸ் 5.6-இல் உள்ள எஃப்க்யூ-பை என்னும் வரிசை முறையின் நிரல் மங்களூருக்கு அருகே சூரத்கல் என்ஐடியிலிருந்து போனது. குரலையும் இணையத்தையும் ஒரே கம்பியில்லா இணைப்பில் கொடுத்த கோர்டெக்ட்டை, சென்னை ஐஐடியின் டெனெட் குழுவும் மைடாஸ் நிறுவனமும் அனலாக் டிவைசஸும் சேர்ந்து 1990-களிலேயே உருவாக்கிக் காட்டின. ஆனாலும் என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் சிமுலேட்டரில் வரைந்த படங்களோடுதான் வருகிறார்கள். உண்மையான நெரிசலை அவர்கள் பார்த்ததே இல்லை. நெரிசல் இருக்கும் நிறுவனமோ பக்கத்துத் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது.

தகவல் கசிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் எதைக் கொடுப்பது என்று தெளிவாகச் சொல்கிறேன். பாக்கெட்டின் உள்ளடக்கம் வேண்டாம். நோயாளியின் பெயரோ ஐபி முகவரியோ வேண்டாம். எத்தனை மணிக்கு எவ்வளவு தாமதம், அப்போது இணைப்பில் எவ்வளவு பளு என்ற மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை, ஒரு மாதத்துக்கு. ரவுட்டரே அதை எழுதி வைக்கும். கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் தலைப்புகள் முடிவாகும் முன்பே அதை அருகில் உள்ள பொறியியல் கல்லூரியின் துறைத் தலைவருக்கு அனுப்புங்கள். மாணவர்கள் இருவர் வந்து ஒரு மாலை உங்கள் ரவுட்டர் பக்கத்தில் உட்கார அனுமதியும் கொடுங்கள்.